பேச்சு நின்றால் அறிவு நின்றதாகாது

1984-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை, இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் தமிழர் எவரும் எளிதில் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு அக்டோபரில் தமிழக முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரகக் கோளாறு காரணமாகச் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிகிச்சையில் இருக்கும்போதே அவரைப் பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பரில் அவருடைய அண்ணன் மகள் ஈந்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அதே டிசம்பரில் இங்கே சட்டமன்றத் தேர்தல். ஆண்டிப்பட்டித் தொகுதியின் வேட்பாளர் கடல் கடந்து நோய்ப்படுக்கையில் இருந்தார். மருத்துவமனையில் எடுக்கப்பட்ட அவருடைய படக்காட்சிகள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன.

அப்போது நான் பள்ளி மாணவன். பெரியவர்கள் கூடிய இடமெல்லாம் ஒரே பேச்சு. ‘தலைவர் நடக்கிறாரா?’ என்று கேட்டவர்கள் சிலர், ‘தலைவர் பேசுவாரா?’ என்று கேட்டவர்களே பலர். கை கால் விழுந்தவனைத் தாங்கிப் பிடிக்கலாம். வாய்ச்சொல் விழுந்தவனை எதைக் கொண்டு தாங்குவது என்ற அச்சம் அந்தக் கேள்வியில் இருந்தது.

1985 பிப்ரவரியில் அவர் தாயகம் திரும்பி, மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்று, 1987 டிசம்பர் 24-ஆம் நாள் இறக்கும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். முன்னிருந்த பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. சொற்கள் தயங்கித் தயங்கி வந்தன. பல சமயம் பொருள் விளங்குவதே அரிதாயிருந்தது. ஆயினும் மக்கள் கூடினர், காத்து நின்றனர், தடுமாறிய சொல்லையும் செவி சாய்த்துக் கேட்டனர். ‘இவர் பேச்சுப் போனவர், இவரிடம் என்ன கேட்பது?’ என்று எழுந்து போனவர் இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இந்நிகழ்ச்சியை நினைவூட்டுவது அரசியல் பேசுவதற்காக அன்று. முதலமைச்சர் ஒருவரின் குலைந்த சொல்லுக்காக இலட்சக்கணக்கானோர் காத்திருந்த இதே தமிழ்நாட்டில், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பாவின் குலைந்த சொல்லுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க நமக்கு மனம் வருவதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

திண்ணையில் ஒரு மனிதர்

நாமக்கல் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று. அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். குடும்பத் தலைவர் முப்பதாண்டு காலம் லாரி புக்கிங் ஆபீசில் கணக்குப் பார்த்தவர். கேரளத்துக்கு முட்டை லோடா, வடக்கே ஜவ்வரிசி லோடா, எந்த வண்டிக்கு என்ன வாடகை, எந்த டிரைவர் எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. காதிலிருந்து தொலைபேசி இறங்கியதே இல்லை எனலாம்.

ஒருநாள் விடியற்காலையில் வாய் ஒருபுறம் கோணி, வலக்கை தொய்ந்து விழுந்தார். ‘வாதம் அடிச்சிருச்சு’ என்று உறவினர் கூடினர். எண்ணெய் தேய்த்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து புறா இரத்தம் பூசினார். மருத்துவமனைக்குப் போனது மறுநாள் மாலையில். உயிர் பிழைத்தார், சில வாரங்களில் தடியூன்றி நடக்கவும் செய்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: ‘வண்டி.’ பசித்தாலும் வண்டி. மனைவியை அழைத்தாலும் வண்டி. கோபம் வந்தாலும் வண்டி, வண்டி.

நான் காணச் சென்றபோது அவர் மனைவி கண்ணீரோடு, “சாமி, இவருக்கு இப்ப ஒண்ணுமே புரியறதில்லீங்க. புத்தி பேதலிச்சுப் போச்சுங்க” என்றார். அவர் எதிரிலேயே, அவர் கேட்கும்படியே சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அருகே சென்று, கிழிக்கப்படாமல் நின்ற இரண்டு தாள்களை இடக்கையால் கிழித்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார். நாட்காட்டி இப்போது சரியான தேதியைக் காட்டியது. அந்த வீட்டில் அன்று தேதி அறிந்திருந்தவர் அவர் ஒருவரே.

நாவா, மூளையா?

பேச்சுக் கெடுவதில் வகைகள் உண்டு. குரல்வளை, நாக்கு, உதடு ஆகிய கருவிகள் காயமுறலாம். 1967 ஜனவரி 12-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது குண்டு கழுத்தில் பாய்ந்தது. அதன் பின் அவருடைய குரலே மாறியது. அது கருவிக்கு நேர்ந்த ஊறு. 1984-இல் நேர்ந்ததோ மூளைக்கு ஏற்பட்ட தாக்குதல்.

மூளையில் ஏற்படும் ஊறும் இருவகையாகப் பேச்சைக் கெடுக்கலாம். ஒன்று, நாவையும் உதட்டையும் இயக்கும் தசைகள் தளர்ந்து, சொல் குழறுவது. இவர்களுக்குச் சொல் தெரியும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவர். மற்றொன்று, சொல்லையே தேடி எடுக்கும் ஆற்றல் குலைவது. இதனை மருத்துவர் அஃபேசியா என்பர். நாம் மொழியிழப்பு என்று சொல்லலாம். இதில் நாக்கு நன்றாகவே இருக்கும். சொல்தான் கைக்கு எட்டாது. பேச்சு மட்டுமன்றி, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது ஆகியவையும் கூடவோ குறையவோ பாதிக்கப்படும். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நேர்கிறது.

இதனை உலகுக்குத் தெளிவாக்கியவர் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா. 1861-ஆம் ஆண்டு ஏப்ரலில் லெபோர்ஞ் என்ற நோயாளி அவரிடம் வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாயில் வந்தது ‘தான்’ என்ற ஒரே ஒலி. மருத்துவமனையில் அவருக்குப் பெயரே ‘தான்’ என்றாகிவிட்டது. ஆனால் பிறர் சொல்வதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். எண்ணிக்கையை விரல்விட்டுக் காட்டினார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1874-இல், ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே வேறொரு வகையை விளக்கினார். இவ்வகை நோயாளிகள் தடையின்றிப் பேசுவர். ஆனால் பேச்சில் பொருள் இராது. பிறர் பேசுவதும் அவர்களுக்குச் சரியாக எட்டாது. ஊறு அவர்களுக்கு மூளையின் பக்கவாட்டில், செவிக்கு அண்மையில் இருந்தது. பெரும்பாலான மனிதருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பாதியே. வலக்கையும் பேச்சும் ஒருங்கே விழுவது ஏன் என்பதற்கு இதுவே காரணம்: உடலின் வலப்பக்கத்தை ஆள்வதும் அந்த இடப்பாதிதான்.

நம் வீடுகளில் இது பல கோலங்களில் தோன்றும். தண்ணீர் கேட்க நினைப்பவர் ‘தக்காளி’ என்பார். செருப்பைக் காட்டிச் ‘சட்டை’ என்பார். ‘நாளைக்கு பஸ்ஸில் சேலத்துக்குப் போக வேண்டும்’ என்பது ‘நாளை... பஸ்... சேலம்’ என்று வரும். வேற்றுமை உருபும் வினைவிகுதியும் உதிர்ந்து போகும். ‘ஆமாம்’ என்று சொல்ல வந்தவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தம்மேலேயே சினங்கொள்வார். இவை எவையும் பைத்தியத்தின் அறிகுறிகள் அல்ல. நினைவும் பாசமும் வெட்கமும் தன்மானமும் உள்ளே அப்படியே இருக்கக்கூடும். வெளியே வர வழியில்லாமல் நிற்பதுதான் அவருடைய துன்பம்.

முதல் மணி நேரம்

நோய் வந்தபின் பேச்சைத் திருப்புவதினும், பேச்சு அழியாமல் காப்பது எளிது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போடவேண்டும். சிலருக்கு அதன் பின்னும் குழாய் வழியே கட்டியை எடுக்கும் சிகிச்சை செய்யலாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே எதையும் செய்ய இயலும். ஆகவே ஸ்கேன் வசதியும் மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேரே செல்லவேண்டும்.

மூன்று அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே தாழ்கிறதா? ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்கு அழையுங்கள். அவர் கடைசியாக நலமாக இருந்ததைக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. வாயில் தண்ணீரோ, காப்பியோ, கஷாயமோ ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெயும் புறா இரத்தமும் மூளைக்குள் இருக்கும் அடைப்பை நீக்கமாட்டா. அவற்றில் கழியும் ஒவ்வொரு மணியும் நோயாளியின் சொற்களைப் பறித்துக்கொண்டு போகிறது.

செபம் வருகிறது, பெயர் வரவில்லை

மேலே சொன்ன வீட்டில் சில வாரங்கள் சென்று ஒரு புதிய கலகம் எழுந்தது. மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, ‘வண்டி’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் அறியாத அந்த மனிதர், அருள் நிறை மந்திரத்தின் பிற்பகுதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்! மனைவி இதைப் புதுமை என்றார். மூத்த மகனோ, “செபம் சொல்லத் தெரியுது, எங்க பேரைச் சொல்லத் தெரியலையா? வேணும்னே பேசாம இருக்காரு சாமி” என்றார்.

இருவர் சொன்னதும் சரியன்று. சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான முறை சொல்லிப் பழகிய மந்திரங்கள், ஒன்று இரண்டு மூன்று என்னும் எண்கள், கிழமைகளின் பெயர்கள், பழகிய பாட்டுகள் ஆகியவை மூளையில் தனிச் சொற்களாக அல்லாமல், கோத்த மணிகளாக இருக்கின்றன. ஒரு மணியை இழுத்தால் அடுத்தது தானே வரும். புதிதாக ஒரு சொல்லைத் தேடியெடுத்து வாக்கியம் அமைப்பதோ வேறு வேலை. முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. மொழியிழப்புக்கு ஆளானவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதே. ஆகவே அவர் நடிக்கவும் இல்லை. நோய் தீர்ந்துவிடவும் இல்லை.

ஆனால் இது பயிற்சிக்கு நல்ல வாசலாகும். பேச முடியாதவர் பலர் பாடுகின்றனர் என்பதைக் கண்டு, 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வல்லுநர்கள் இசையோடு சொல்லைப் பழக்கும் முறையொன்றை வகுத்தனர். ‘தண்ணி குடு’ என்பதை இராகம்போல் இழுத்து, இடக்கையால் தாளமிட்டுச் சொல்லப் பழக்குவர். பிறகு இராகத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பர். இது எல்லாருக்கும் பலிக்கும் என்பதில்லை; சிலருக்கு நன்கு பலிக்கிறது.

செபத்தைப்போலவே வசவும் தானே வரும். இதனாலும் குடும்பங்கள் நொந்துபோகின்றன. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1866-இல் பெல்ஜியம் நாட்டின் நாமூர் நகரில் புனித லூப் ஆலயத்தைக் காணச் சென்றபோது விழுந்தார். சில நாட்களில் பேச்சையெல்லாம் இழந்தார். சொல்லின் அரசர் என்று போற்றப்பட்ட அவருக்கு எஞ்சியது ஒன்றே: இறைவனின் திருநாமத்தை இழித்துச் சொல்லும் ஒரு பிரெஞ்சு வசவு. பிரசல்ஸ் நகரில் கன்னியர் நடத்திய மருத்துவமனையில் அவர் இருந்தபோது, எதைக் கேட்டாலும் அந்த வசவே பதிலாக வந்தது. பக்தியுள்ள அக்கன்னியர் திடுக்கிட்டனர். அவரோ வாய் திறந்தால் வேறெதுவும் வராத நிலையில் இருந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில், தம் 46-ஆம் வயதில் காலமானார். நம் வீட்டில் படுக்கையில் இருப்பவர் பேரப்பிள்ளை எதிரில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால், ‘வயதான காலத்தில் புத்தி கெட்டதே’ என்று சீறுமுன், இந்தக் கவிஞரை நினைத்துக்கொள்வோமாக. மனம் விரும்பாத இடத்தில் பாவம் இல்லை.

சொற்கள் திரும்பும் வழி

மூளையில் மடிந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அதைச் சூழ்ந்த பகுதிகளும், ஓரளவுக்கு வலப்பாதியும், இழந்த வேலையைப் பயிற்சியால் ஏற்றுக்கொள்ள முடியும். முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன்பின் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. ‘ஆறு மாதத்துக்குள் வராதது இனி வராது’ என்ற பேச்சு நம்மிடையே உலவுகிறது. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ கழிந்த 150-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் செறிவான பேச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. பயிற்சியின் அளவே பெரிது. வாரம் ஒருமுறை அரைமணி போதாது. வீட்டில் நாள்தோறும் நடக்கவேண்டும்.

ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் அனுபவம் சுவையானது. 1783 ஜூன் மாதம் ஒரு நள்ளிரவில் அவர் விழித்தபோது பேச்சு நின்றிருந்தது. அறிவும் போய்விட்டதோ என்று அஞ்சியவர், ‘உடலை எப்படி வேண்டுமானாலும் வாட்டும், என் அறிவை மட்டும் காத்தருளும்’ என்ற கருத்தில் மனத்துக்குள்ளேயே இலத்தீன் மொழியில் ஒரு மன்றாட்டுச் செய்யுளை இயற்றிப் பார்த்தார். செய்யுள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. நன்றாக இல்லை என்று தமக்கே தெரிந்ததால் அறிவு நலமாக இருக்கிறது என்று ஆறுதல் கொண்டார்! விடிந்ததும் தாளும் எழுதுகோலும் எடுத்து அயல்வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். கை சில எழுத்துகளை மாற்றி எழுதிற்று. நாளடைவில் பேச்சுத் திரும்பிற்று. ஒன்றரை ஆண்டு வாழ்ந்து 1784 டிசம்பரில் இறந்தார்.

எல்லாருக்கும் அவ்வாறு திரும்புவதில்லை. சுவீடன் நாட்டுக் கவிஞர் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. பேச்சு மிகக் குறைவாகவே மீண்டது. ஆயினும் இடக்கையால் பியானோ வாசித்தார். சிறுசிறு கவிதைகள் எழுதினார். அவருடைய ஒற்றைச் சொற்களின் கருத்தை மனைவி அறிந்து பிறருக்கு விளக்கினார். 2011-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. முழுமையாகத் திரும்பாவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவர் சான்று.

நம் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசி, வெளியே தமிழ் பேசும் குடும்பங்கள் பல. எந்த மொழி முதலில் திரும்பும் என்ற ஐயம் எழும். பலருக்கு இரண்டும் ஒன்றாகவே திரும்புகின்றன. சிலருக்கு, பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895-இல் எழுதியதுபோல, மிகுதியாகப் புழங்கிய மொழி முந்துகிறது. எனவே அவர் முன்பு யாரிடம் எந்த மொழியில் பேசினாரோ, அவர் அதே மொழியில் பேசட்டும்.

பேச்சுப் பயிற்சியாளர் எங்கே கிடைப்பார் என்று, மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். நடைப் பயிற்சிக்குச் சீட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. பேச்சுப் பயிற்சியை நாம் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சேலத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. அங்கெல்லாம் விசாரிக்கலாம். இத்துறைக்கென்றே 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் அண்டை மாநிலத்து மைசூரில் இருக்கிறது.

வீட்டார் செய்யவேண்டுவன

பயிற்சியாளர் வாரத்தில் சில மணி நேரம். வீட்டார் நாள் முழுதும். ஆதலால் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

பேசுமுன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு சமயத்தில் ஒருவரே பேசுங்கள். முகத்துக்கு நேரே, சிறிய வாக்கியமாக. கத்தாதீர்கள்; அவர் செவிடர் அல்லர். குழந்தையிடம் கொஞ்சுவதுபோலவும் பேசாதீர்கள். அவர் குடும்பத் தலைவர்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அவர் தேடுவதையே விட்டுவிடுவார். கேட்டாலன்றி உதவாதீர்கள்.

‘என்ன வேண்டும்?’ என்பதினும் ‘மோரா, காப்பியா?’ என்று கேட்பது எளிது. ‘ஆமாம்’, ‘இல்லை’ மாறி வருமாதலால், தலையசைவோடும் கையோடும் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புரியாததைப் புரிந்ததாக நடிக்காதீர்கள். ‘எனக்கு விளங்கவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டார் படம், உணவு, மருந்து, உடுப்பு, ஊர், கோவில் ஆகியவற்றின் படங்களை ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுதிக் கையில் கொடுங்கள். இன்று எல்லார் கையிலும் உள்ள கைப்பேசியின் படங்களும் இதற்கு உதவும். சொல், சைகை, படம், எழுத்து எதுவாயினும் கருத்து வந்து சேர்ந்தால் அது பேச்சே.

தவறாகச் சொன்னதைத் திருத்திக்கொண்டே இராதீர்கள். ‘தக்காளி’ என்று சொல்லிச் செம்பைக் காட்டினால், ‘தண்ணியா, இதோ’ என்று சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் போதும். களைப்புற்றிருக்கும்போது வற்புறுத்த வேண்டா. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பகிர்ந்துகொள்ளுங்கள்.

மிக முக்கியமாக, அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். பேச்சிழந்தவர்களைப் பெருஞ்சோர்வு பிடிப்பது மிகுதி. நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்துவர்; என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பேச வேண்டா, பக்கத்தில் அமர்ந்து பேப்பர் பார்த்துவிட்டுப் போகட்டும். பங்கில் உள்ள இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் இவ்வாறு ஒருவருடன் இருந்தால், அது சிறந்த இரக்கச் செயலாகும்.

கைநாட்டு

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். நான் குறிப்பிட்ட வீட்டில், நோய் வந்த நான்காம் மாதம், ஒரு பத்திரம் திண்ணைக்கு வந்தது. ‘அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே’ என்று சொல்லிக்கொண்டே அவருடைய இடக்கைப் பெருவிரலில் மை தடவ முற்பட்டனர். அவர் கையை இழுத்துக்கொண்டார். ‘வண்டி, வண்டி’ என்று தெரு கேட்கக் கத்தினார். மை சிதறியது. ‘பார்த்தீர்களா, வெறி பிடித்துவிட்டது’ என்றனர்.

இளைய மருமகள் மட்டும் அந்தப் பத்திரத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் இருந்த பிள்ளைகளின் படங்களை அவர் முன் வைத்தாள். அவர் விரலால் ஒரு படத்தைத் தொட்டார். அது மணமாகிப்போன மகளின் படம். பத்திரத்தில் அவள் பெயரே இல்லை. ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லப்பட்ட மனிதர், விடுபட்ட பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

பேச இயலாமை வேறு. சித்த சுவாதீனம் இன்மை வேறு. பொருளை விளங்கிக்கொண்டு தனக்கு எது நன்மை என்று தீர்மானிக்க முடிந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுந்தவர் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அளவுகோல். நாவன்மை அங்கே அளவுகோல் அன்று. பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்று நம் சாட்சியச் சட்டமும் ஏற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால் நிலையாக ஏற்படும் பேச்சு, மொழிக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதற்கான சான்றிதழ் பெறவும் வழியுண்டு. உண்மையிலேயே புரிந்துகொள்ளும் ஆற்றலும் குன்றியிருந்தால், அதை மருத்துவர் சொல்லட்டும். பத்திரத்தை மடியில் வைத்திருப்பவர் சொல்லலாகாது. விளங்காதவரிடம் கைநாட்டு வாங்குவதும், விளங்குகிறவரை விளங்காதவர் என்று சொல்லி வாங்குவதும் களவே. இதை ஒரு குடும்பச் சாமர்த்தியம் என்று எண்ணுவோர், தங்கள் பாவசங்கீர்த்தனத்தில் இதற்கும் இடம் வைக்கவேண்டும்.

வாய் திறவாத பாவசங்கீர்த்தனம்

‘பேச முடியாதவர் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார், சாமி?’ என்று கேட்டு, பல மாதம் தேவதிரவிய அனுமானங்களின்றி விட்டுவிடும் வீடுகள் உண்டு. இது தவறு. பேச இயலாதவர் தலையசைவாலும் சைகையாலும் தம் மனத்துயரைக் காட்டினால் போதும்; அவர் விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையையும் கொள்ளலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது; அவ்வாறு துணை நிற்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ‘அவஸ்தை பூசுதல்’ என்ற பழைய பெயரால் அஞ்சி, கடைசி மூச்சு வரை குருவை அழைக்காதிருப்போரும் உண்டு. அது சாகிறவருக்கு மட்டும் உரியதன்று, ‘நோயிற்பூசுதல்’ என்பதே பொருத்தமான பெயர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே அறிவித்துவிட்டது.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் சக்கரியாஸ் பேச்சின்றி இருந்தார். அவருக்கு நேர்ந்தது பக்கவாதம் அன்று. ஆயினும் அந்த வீட்டில் நடந்ததை நாம் கவனிக்கவேண்டும். பிறந்த குழந்தைக்கு உறவினர் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டனர். தாய் மறுத்தாள். அப்போது அவர்கள் பேச்சிழந்த தந்தையை ஒதுக்கிவிடாமல், அவரிடமே சைகையால் கேட்டனர். அவர் எழுதுபலகை கேட்டார், கொடுத்தனர், காத்திருந்தனர். அவர் எழுதிய பெயரே நிலைத்தது. கேட்கப்படும் உரிமை, எழுத ஒரு பலகை, காத்திருக்கும் பொறுமை என்னும் இம்மூன்றையும் அவர்கள் அவருக்கு அளித்தனர்.

அந்த புக்கிங் ஆபீஸ் கணக்கருக்கு ஓராண்டுக்குப்பின் நாற்பது, ஐம்பது சொற்கள் திரும்பியிருக்கின்றன. பெயர்கள் பெரும்பாலும் வருகின்றன. வாக்கியங்கள் இன்னும் உடைந்தே வருகின்றன. பத்திரம் வேறு விதமாக எழுதப்பட்டது. சென்ற மாதம் நான் போனபோது, மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அவளைத் தடுத்து, நெற்றியைச் சுருக்கி, வெகு நேரம் தேடினார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். கடைசியில், “சாமிக்கு... மோர்” என்றார்.

அந்த மோரைக் குடித்துவிட்டே வந்தேன்.